ஓவியர் மார்க் ஷகால்: வீடும் கனவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். விழாக் குழுவினருள் ஒருவர், "ஐயா, தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசலாமே" என்று அன்போடு கூறினார். பேசலாம், மேடைதோறும் பேசியும் வருகிறோம். ஆயினும் இன்று வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் ஒரு பிள்ளையிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உன் வீட்டை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே உதிக்கும் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை, ஓரமாய் ஓர் ஓட்டு வீடு. பெரும்பாலான பிள்ளைகள் இதைத்தான் வரைவார்கள். மலையே இல்லாத ஊரிலும் மலை வந்துவிடும். தான் பிறந்து வளர்ந்த வீடு, திண்ணையில் இருமும் தாத்தா, வாசலில் கட்டியிருக்கும் மாடு, அடுப்பை ஊதும் அம்மா ஆகிய எதுவும் அத்தாளில் இராது. இவையெல்லாம் படத்திற்கு உரியவை அல்ல என்று யாரோ அக்குழந்தைக்குச் சொல்லாமலே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

படத்திற்கு உரியவை அவையே என்று துணிந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் மார்க் ஷகால். ரஷ்யப் பேரரசில், இன்றைய பெலாருஸ் நாட்டில் உள்ள விட்டெப்ஸ்க் என்னும் நகரத்தில், ஏழை யூதக் குடும்பத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். தந்தை ஒரு மீன் வணிகரிடம் கூலியாள். உப்பு நீரில் ஊறிய ஹெரிங் மீன் பீப்பாய்களைத் தூக்குவதே வேலை. நம் ஊர்க் கருவாட்டு மண்டியில் மூட்டை தூக்குவோரை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கூலி 20 ரூபிள். தாய் வீட்டிலேயே சிறு மளிகைக் கடை வைத்திருந்தார்.

அக்காலத்து ரஷ்யாவில் யூதர் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்க முடியாது. 1791ஆம் ஆண்டு காத்தரின் பேரரசி இட்ட ஆணையிலிருந்து தொடங்கி, அவர்களுக்கென ஒரு குடியிருப்பு எல்லை வகுக்கப்பட்டிருந்தது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியில்தான் அது ஒழிந்தது. தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் தங்கவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கு நிலவியது சாதி அன்று, சமய வெறுப்பு. நம் சேரியின் வரலாற்றையும் அவர்கள் தெருவின் வரலாற்றையும் ஒன்றென்று சொல்வதற்கில்லை. ஆயினும் எல்லைக்கு அப்பால் கால் வைக்கச் சீட்டுக் கேட்கும் ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதை இந்த அவைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஷகால் பிறந்த 1887ஆம் ஆண்டு, கல்வித் துறையில் இருப்போர் மறக்கக் கூடாத ஆண்டு. அவ்வாண்டில்தான் ரஷ்யக் கல்வி அமைச்சர் தெல்யானவ் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். வண்டியோட்டிகள், வீட்டு வேலைக்காரர்கள், சமையற்காரர்கள், சலவை செய்வோர், சிறு கடைக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிகளில் சேர்க்காமல் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 'சமையற்காரியின் பிள்ளைகள் பற்றிய சுற்றறிக்கை' என்றே வரலாற்றில் அது இழிபெயர் பெற்றது. அதே ஆண்டில் யூத மாணவருக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. குடியிருப்பு எல்லைக்குள் நூற்றுக்கு 10, வெளியே 5, பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் 3. நம் நாட்டு இட ஒதுக்கீட்டையும் இதையும் ஒன்றாகப் பேசுவோர் உண்டாதலால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அங்கே அந்த எண் ஓர் உச்சவரம்பு. அதற்குமேல் ஒரு பிள்ளையும் நுழையலாகாது. இங்கே ஒதுக்கீடு என்பது அதற்குக் கீழே போகலாகாது என்னும் உறுதி. ஒன்று கதவைச் சாத்த வந்த எண். மற்றது கதவைத் திறக்க வந்த எண்.

பையன் படிக்கும் வயது வந்தது. மதப் பள்ளி முடிந்தபின் ரஷ்ய நகரப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கோ யூதருக்கு இடமில்லை என்றார்கள். அந்தத் தாய் தயங்கவில்லை. நேரே ஓர் ஆசிரியரிடம் சென்று 50 ரூபிள் கையூட்டுக் கொடுத்து மகனைச் சேர்த்துவிட்டார். கணவரின் கூலியில் இரண்டரை மாதப் பணம்! கையூட்டை நாம் போற்றவில்லை. வாங்கியவரின் வெட்கக்கேடு அது. கொடுத்த தாயைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை.

அப்பள்ளியில்தான் உடன் படித்த ஒரு மாணவன் இதழிலிருந்து ஒரு படத்தைப் பார்த்து வரைவதை ஷகால் முதன்முதலாகக் கண்டார். மனிதன் கையாலும் படம் வரையலாம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் ஒரு படமும் இல்லை. உருவம் வரைதல் ஆகாது என்பது அவர்கள் சமய மரபு. அவர் ஓவியர் ஆனபின் வயதான மாமா ஒருவர் அவரிடம் கை குலுக்கவும் அஞ்சினாராம். இத்தகைய வீட்டில், ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்த தாயிடம், ஓவியனாக விரும்புவதாக மகன் சொன்னான். பைத்தியமா உனக்கு என்றுதான் முதலில் கேட்டார். ஆயினும் பின்னர் அவரே, ஊரில் ஓவியப் பள்ளி நடத்திவந்த யெகூதா பென் என்பவரிடம் மகனை அழைத்துச் சென்றார். பென் நல்லாசிரியர், பையனின் திறமையைக் கண்டபின் கட்டணமின்றியே கற்பித்தார்.

பிறகு பீட்டர்ஸ்பர்க் போக விரும்பியபோது, தந்தை 27 ரூபிளை மேசைக்கு அடியில் விட்டெறிந்தாராம். மகன் குனிந்து பொறுக்கிக்கொண்டான். இதைப் படிப்போர் அந்தத் தந்தைமேல் சினம் கொள்வதுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் 20 ரூபிள் ஈட்டுபவர் 27 ரூபிளை எறிந்தார். எறிந்த கை முரட்டுக் கைதான். எறிந்ததோ ஒரு மாதக் கூலிக்கும் மேல்.

தலைநகரில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருமுறை சிறையிலும் இருந்தார். யூத வழக்கறிஞர்கள் தம் இனத்தவரை வேலையாட்களாக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஓர் இடுக்கு இருந்தது. அதனால் ஒரு வழக்கறிஞரின் வீட்டு வேலையாள் என்று ஏட்டில் பதிந்துகொண்டு ஓவியம் பயின்றார். பின்பு வினாவர் என்னும் சட்டமன்ற உறுப்பினர் உதவித்தொகை தந்து 1910ஆம் ஆண்டு பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாண்டு கழித்து, 1913இல், அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் சென்றார் என்பதை இங்கு நினைத்துக்கொள்கிறோம். உரிய நேரத்தில் ஓர் உதவித்தொகை என்ன செய்யும் என்பது இச்சங்கத்தாருக்குத் தெரியும்.

பாரிஸ் அன்று உலக ஓவியத்தின் தலைநகரம். அங்கே போன இளைஞர் என்ன வரைய வேண்டும்? பாரிஸை வரைந்திருக்கலாம். ஷகால் விட்டெப்ஸ்கை வரைந்தார். 1911இல் தீட்டிய 'நானும் என் கிராமமும்' என்னும் ஓவியத்தின் அச்சுப்படி அந்தப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மூலம் ஆறடிக்கும் சற்று மிகுந்த உயரம் உடையது. நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. வலப்பக்கம் பச்சை முகம் கொண்ட ஒரு மனிதன். இடப்பக்கம் ஒரு விலங்கின் முகம். இருவரும் கண்ணோடு கண் நோக்குகிறார்கள். அந்த விலங்கின் கன்னத்திற்குள்ளே ஒரு பெண் பால் கறந்துகொண்டிருக்கிறாள். மேலே தோளில் அரிவாள் ஏந்தி உழவன் ஒருவன் நடக்க, அவனருகே ஒரு பெண் தலைகீழாக நிற்கிறாள். வீடுகளுள்ளும் சில தலைகீழ். முதலில் பார்ப்போர்க்குச் சிரிப்பு வரும். ஆனால் கறவை மாட்டின் முகத்தைப் பார்க்கும் ஏழைக்கு, அந்த முகத்தினுள்ளே பால் கறக்கும் காட்சி தெரிவதில் வியப்பென்ன? வீட்டின் வயிறே அங்கேதான் இருக்கிறது.

மாடு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். தாய்வழித் தாத்தா மாட்டிறைச்சித் தொழில் செய்தவர். மாமன் ஒருவர் மாட்டு வணிகர். 1912ஆம் ஆண்டு ஓவியமாகிய 'மாட்டு வணிகன்' அந்த உறவினரின் உலகம்தான். வண்டியிழுக்கும் குதிரையின் வயிற்றுக்குள் பிறவாத குட்டி தெரிகிறது. ஒரு பெண் கன்றைத் தோளில் சுமந்து வருகிறாள். தாத்தா வீட்டில் மாட்டுத் தோல்கள் துணி காயப்போடுவதுபோல் தொங்கும். அந்த வீட்டின் ஓசையும் வாடையும் தமக்குக் கலையாகவே இருந்தன என்ற கருத்தைத் தம் தன்வரலாற்றில் அவர் பதிந்திருக்கிறார். இவ்விடத்தில் நாம் சற்றே நிற்க விரும்புகிறோம். தோலின் வாடையைச் சொல்லியே நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த வாடையை நாமும் மறைக்கக் கற்றுக்கொண்டோம். படித்து வேலைக்குப் போன பிள்ளை, பாட்டன் தொழிலை நண்பரிடம் சொல்லக் கூசுகிறான். இங்கேயோ ஒருவர், உலகப் புகழ் பெற்ற பின்னும், தோல் தொங்கிய அந்த வீட்டில்தான் தம் ஓவியம் தொடங்கியது என்கிறார். இதற்காகவே அவரைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

இனி அவருடைய கனவுக்கு வருவோம். மனிதர் பறக்கிறார்கள்; பிடில் வாசிப்பவன் கூரைமேல் நிற்கிறான். இவை எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி வீட்டுப் பேச்சிலிருந்து வந்தது என்பது நம் கருத்து. அவர்கள் வீட்டு மொழி இத்திஷ். கற்றோர் கொச்சை என்று ஒதுக்கிய மொழி. அம்மொழியில் ஏழு விரலாலும் ஒரு வேலையைச் செய்தான் என்றால், முழு மூச்சோடு செய்தான் என்று பொருள். ஷகால் தம்மையே ஏழு விரல்களோடு வரைந்துகொண்டார். வீடுகளுக்கு மேலாகப் போகிறான் என்றால் வீடு வீடாக இரந்து செல்கிறான் என்று பொருள். 1914இல், மூட்டை சுமந்த கிழவர் ஒருவர் விட்டெப்ஸ்கின் கூரைகளுக்கு மேலே வானத்தில் நடந்து செல்வதாக வரைந்தார். பேச்சில் உள்ளதைப் படமாக்கினார், அவ்வளவுதான். கூரைமேல் மனிதன் என்பதும் வெறுங்கற்பனை அன்று. திருநாள் ஒன்றில் காணாமற்போன தாத்தாவைத் தேடியபோது, அவர் கூரைமேல் உட்கார்ந்து காரட் தின்றுகொண்டிருந்தாராம். நம் பாட்டிமார் பேச்சிலும் இத்தகைய படங்கள் எத்தனை! மகிழ்ச்சியில் கால் தரையில் பாவவில்லை என்கிறோம். தலைகால் புரியவில்லை என்கிறோம். இவற்றை வரைந்து பார்க்க ஒருவரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

கால் தரையில் பாவாத அந்த மகிழ்ச்சியைத்தான் 1915ஆம் ஆண்டு 'பிறந்தநாள்' என்னும் ஓவியத்தில் காண்கிறோம். முந்தைய ஆண்டில் ஊர் திரும்பியவர், உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டார். அவர் விரும்பிய பெல்லா, நகைக்கடைச் செல்வரின் மகள், மாஸ்கோவில் படித்தவர். மீன் பீப்பாய் தூக்குபவரின் மகனுக்குப் பெண்ணா என்று அவ்வீட்டார் தயங்கினார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்திற்குள்ளும் மேல்படி கீழ்ப்படி உண்டு என்பதை நாமும் அறிவோம். திருமணத்திற்குச் சில நாள் முன்பு, அவருடைய பிறந்தநாளன்று, பெல்லா பூக்களோடு அறைக்கு வருகிறார். படத்தில் சிறிய வாடகை அறை, சிவந்த தரை, மேசை, அதன்மேல் பலகாரம், சன்னலுக்கு வெளியே தெரு. எல்லாம் அன்றாடப் பொருள்களே. நடுவில் மட்டும், கைகளே தெரியாத அந்த இளைஞர் மீனைப்போல் மிதந்து, கழுத்தைப் பின்னோக்கி முழுதும் திருப்பி, அப்பெண்ணை முத்தமிடுகிறார். அவள் பாதமும் தரையைவிட்டு எழத் தொடங்கிவிட்டது. கையிலுள்ள பூங்கொத்தை மட்டும் விடவில்லை. மேசையும் சன்னலும் இல்லாதிருந்தால் இது தேவலோகப் படமாகியிருக்கும். இருப்பதனால் இது வீடு. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது: இப்படங்களில் பெல்லா ஓயாமல் பறக்கிறார், அடுப்பைப் பார்த்தவர் யார்? தாய்மார்கள் கேட்க நினைப்பதை நாமே கேட்டுவிட்டோம். பெல்லா பின்னாளில் தம் இளமைக்கால வீட்டைப் பற்றித் தாமே இத்திஷ் மொழியில் ஒரு நூல் எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஷகாலின் ஓவியங்களைக் கனவு என்றும் மாயம் என்றும் பலர் பாராட்டினார்கள். அச்சொற்களை அவர் விரும்பவில்லை. தாம் வரைவது உள்ளதையே என்றார். பாரிஸில் கனவை ஒரு கொள்கையாகவே கொண்ட ஓவியர் குழு தோன்றியபோதும் அதில் அவர் சேரவில்லை. அவர் சொன்னதே சரி என்று நமக்குப் படுகிறது. ஒடுக்கப்பட்டவனின் வாழ்வு என்றால் பசியும் அடியும் மட்டுமே என்று பிறர் எண்ணுகிறார்கள். நமக்காகப் பரிந்து பேசுவோரும் அப்படியே எண்ணுகிறார்கள். நம் பிள்ளை வரைந்தால் கண்ணீரை வரையவேண்டும், எழுதினால் காயத்தை எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். காயம் மெய். ஆனால் அதே வீட்டில் காதல் உண்டு, திருமணம் உண்டு, தாத்தாவின் குறும்பு உண்டு, இரவில் கூரை இடுக்கில் தெரியும் நிலவும் உண்டு. அவையும் மெய்யே.

இவர் ஆசிரியராகவும் இருந்தார் என்பது நமக்குச் சிறப்பு. புரட்சிக்குப் பின் 1918இல் விட்டெப்ஸ்கின் கலைத்துறைக் கமிசார் ஆனார்; 1919 தொடக்கத்தில் மக்கள் ஓவியப் பள்ளியைத் திறந்தார். எந்த ஊரில் வரைவதே பாவம் என்றார்களோ அந்த ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்கு ஓவியப் பள்ளி! புரட்சியின் முதலாண்டு விழாவில் ஊரெங்கும் பச்சை மாடுகளும் பறக்கும் குதிரைகளும் கொண்ட பதாகைகள் தொங்கின. பசு ஏன் பச்சை, குதிரை ஏன் வானில் பறக்கிறது, இவற்றுக்கும் மார்க்ஸுக்கும் என்ன தொடர்பு என்று கட்சித் தலைவர்கள் கேட்டார்களாம். (கல்வி அதிகாரிகளின் ஆய்வுக்கு ஆளானவர்களுக்கு இக்கேள்வியின் தொனி பழக்கமானது.) பின்னர் பள்ளிக்குக் கற்பிக்க வந்த மாலெவிச் என்னும் ஓவியர், உருவமே வேண்டாம், சதுரமும் வட்டமும் போதும் என்றார். மாணவர்கள் அவர் பக்கம் போய்விட்டார்கள். 1920இல் ஷகால் மனம் நொந்து ஊரைவிட்டுப் போனார். அதன்பின் மாஸ்கோவுக்கு அருகே மாலகோவ்கா என்னுமிடத்தில், இனக் கலவரங்களில் பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். கண்முன்னே தாய் தந்தையர் வெட்டப்பட்டதைக் கண்ட பிள்ளைகள் அவர்கள். வெறுங்காலோடு, அரைப்பட்டினியோடு இருந்தவர்கள். வண்ணங்களின்மேல் அவர்கள் பாய்ந்து விழுந்ததை ஷகால் எழுதியிருக்கிறார்.

எஞ்சிய வரலாற்றை விரைந்து சொல்கிறோம். 1922இல் ரஷ்யாவை விட்டு நீங்கி, அடுத்த ஆண்டு பாரிஸ் சேர்ந்தார். 1937இல் நாஜிகள் மியூனிக் நகரில் 'சீர்கெட்ட கலை' என்று பெயரிட்டு நடத்திய இழிவுக் கண்காட்சியில் அவருடைய படங்களும் வைக்கப்பட்டன. 1941இல் அமெரிக்காவுக்குத் தப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் விட்டெப்ஸ்கின் யூத மக்களை நாஜிப் படையினர் கொன்றொழித்தார்கள். அவர் வரைந்த தெரு, தெருவாக நின்றது படத்தில் மட்டுமே. 1944இல் பெல்லா இறந்தபின் பல மாதங்கள் தூரிகையைத் தொடவில்லை. 1985இல் பிரான்சில் தம் 97ஆம் வயதில் மறைந்தார். பிற்காலப் படங்கள் பலவற்றில் பறக்கும் இணையரும் பூங்கொத்தும் வழக்கமான முத்திரைகளாகிவிட்டன என்பது நம் எண்ணம். அவற்றைவிட, 35 வயதுக்குள் அவர் தீட்டியவையே நம்மை ஈர்க்கின்றன.

இவ்வளவு சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. பள்ளிகளில் ஓவிய வகுப்பு கணக்கு வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் கடனாகக் கொடுக்கப்படுகிறது. அக்கடன் திரும்பி வருவதில்லை. படம் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ரொட்டி மாவு பிசைந்த அந்தத் தாயும் அதைத்தான் கேட்டார். ஆனால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் சேர விண்ணப்பிக்கலாம் என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் உதவித்தொகைகளுள் ஒன்றை ஓவியம் பயிலும் மாணவருக்கோ மாணவிக்கோ ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் வாரம் ஒரு மணி நேரம் படம் வரையவும் இடம் தரவேண்டும். மலையும் சூரியனும் அன்று விடுமுறையில் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்தபின் பலகையில் உள்ள ஆறு அச்சுப்படிகளையும் மாணவர்கள் அருகில் வந்து பார்க்கலாம். மூன்றாவது படத்தின் பெயர் 'நகரத்திற்கு மேலே'. அதில் காதலர் இருவர் வானில் பறப்பது எல்லார் கண்ணிலும் படும். கீழே இடப்பக்கம் வேலியோரத்தில் ஒருவர் காலைக்கடனுக்காகக் குந்தியிருப்பதையும் தேடிக் கண்டுபிடியுங்கள். அவரையும் விடாமல் வரைந்திருக்கிறார் ஷகால்.